கள்ள நாணயமும் சாயத் தண்ணீரும்

தவ்பாவுக்கு மார்க்க அறிஞர்கள் மூன்று நிபந்தனைகள் கூறுவார்கள். செய்த பாவத்தை விட்டுவிட வேண்டும். அதற்காக மனம் வருந்த வேண்டும். இனிமேல் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையில் மட்டும் உள்ள பாவமாயின் இந்த மூன்றும் போதும். அடுத்தவனின் உரிமையில் கை வைத்த பாவமாக இருந்தாலோ நான்காவதாக ஒன்று சேர்ந்துகொள்ளும். உரியவனிடம் அவன் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவன் வாயாலேயே மன்னித்தேன் என்ற சொல்லைப் பெற வேண்டும். 'ஹக்குல் இபாத்' என்று நம் வீடுகளில் பேச்சுவாக்கில் சொல்லுகிறோமே, அதன் கனம் இந்த நான்காவது நிபந்தனையில்தான் இருக்கிறது.

ஆளுக்கு ஆள் நடக்கும் அநியாயத்தில் இதை நிறைவேற்றுவது கஷ்டமானாலும் முடியாத காரியமல்ல. எடையில் குறைத்த வியாபாரிக்குத் தன் வாடிக்கைக்காரர்கள் யார் என்று தெரியும். புறம் பேசியவனுக்கு யாரைப் பற்றிப் பேசினோம் என்பது தெரியும். வெட்கத்தை விட்டு வாசலில் போய் நிற்க மனம் வந்தால் போதும். ஆனால் தீங்கு செய்தவனுக்கே தான் யாருக்குத் தீங்கு செய்தோம் என்று தெரியாமல் போனால்? அந்த மனிதன் ஐந்து மைல் தள்ளி இருக்கிறான், அல்லது இன்னும் பிறக்கவே இல்லை என்றால்? யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

இது ஏட்டளவில் எழுப்பும் கேள்வியல்ல. நம் வீட்டு நிக்காஹ்வுக்குச் சேலை எடுக்கிறோமே, அந்தச் சேலையிலிருந்தே இந்தக் கேள்வி புறப்படுகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியும், அதை அடுத்த சேவூரும் பட்டு நெசவுக்குப் பேர் போனவை. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. நம் ஆண்களுக்குப் பட்டு அணிவது தடை, பெண்களுக்கு ஆகுமானது. ஆகவே மணப்பெண்ணின் சேலை என்ற அளவில் நம்மில் பெரும்பாலோர் வீடுகளுக்கும் சேவூர்த் தறிக்கும் தொடர்பு உண்டு. தறியின் முன் அமர்ந்திருக்கும் நெசவாளரைப் படங்களில் பார்த்திருப்போம். தறியில் ஏறுவதற்கு முன் அந்த நூல் படும் பாட்டைப் பார்த்தவர்கள் குறைவு.

கூட்டிலிருந்து பிரித்த பட்டு நூல் முரட்டுத்தனமாக இருக்கும். பட்டுப்புழு தன் இழையைக் கூடாகக் கட்டி ஒட்ட வைப்பதற்காகச் சுரந்த பசை அதன்மேல் படிந்திருக்கும். 'செரிசின்' என்று அதற்குப் பெயர். எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தப் பசைதான். இதை நீக்கினால்தான் பட்டுக்கு மினுமினுப்பும் மென்மையும் வரும், சாயமும் சீராக ஏறும். சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த தண்ணீரில் நூலைக் கொதிக்கும் பதத்தில் வேகவைத்துப் பசையைக் கரைத்து எடுப்பது வழக்கமான முறை. ஒரு கிலோ நூலை வேகவைத்தால் 200 முதல் 250 கிராம் வரை தண்ணீரோடு போய்விடும். புரதச் சத்து நிறைந்த அந்தத் தண்ணீர் குட்டையில் தேங்கினால் அழுகும். அழுகும்போது நீரில் உள்ள உயிர்க்காற்றை உறிஞ்சிவிடும். மீன் சாகும், நாற்றம் எழும்.

அடுத்தது சாயம். புளிப்பு ஏற்றிய சுடுநீரில் சாயப் பொடியைக் கரைத்து நூலை முக்கித் திருப்பித் திருப்பி எடுப்பார்கள். எவ்வளவு சாயம் நூலில் ஏறும் என்பது சாயத்தின் வகை, சூடு, புளிப்பு, நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஏறாமல் நின்ற சாயம் தொட்டியிலேயே தங்கும். அதற்குப் பின் அலசும் தண்ணீர், இன்னொரு முறை அலசும் தண்ணீர். சாயம் என்பது மிகச் சிறிய அளவிலேயே நிறம் காட்டும் பொருள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பாவது நம்மை எச்சரிக்கிறது. சில சாயங்களில் உலோகம் உண்டு. அசோ, பென்சிடின் என்னும் வகைகளைச் சேர்ந்த சில சாயங்கள் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய பொருளாகச் சிதையக்கூடியவை. அத்தகைய 112 சாயங்களை இந்திய அரசு 1990-களில் தடை செய்தது.

தொட்டியைக் கவிழ்த்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். தண்ணீரின் பயணமோ அப்போதுதான் தொடங்குகிறது. வாய்க்காலில் விட்டது மண்ணில் இறங்கும், அல்லது ஆற்றைத் தேடும். ஆரணியைத் தொட்டு ஓடும் கமண்டல நாக நதி செய்யாற்றில் சேருகிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றில் சேருகிறது. இடையில் எத்தனை கிணறு, எத்தனை வயல், எத்தனை ஊர்! கவிழ்த்தவர் அவற்றில் எதையும் பார்த்ததில்லை. அந்த ஊர்க்காரர்களும் அவரைப் பார்த்ததில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு கி.பி. 1111) சாயத்தைப் பற்றி எழுதவில்லை. ஆனால் இஹ்யா உலூமித்தீனில் வாணிபத்தின் ஒழுக்கங்களைக் கூறும் பகுதியில், ஒருவரோடு நில்லாமல் பொதுமக்களைச் சென்று தாக்கும் தீங்குகளைத் தனியே பிரித்து எழுதியிருக்கிறார்கள். அதில் ஒன்று பதுக்கல். மற்றொன்று கள்ள நாணயத்தைத் தெரிந்தே செலவிடுவது. அங்கே இமாமவர்கள் காட்டும் நியாயம் நமக்கு மிகவும் வேண்டியது. திருடியவனின் பாவம் திருட்டோடு முடிந்தது. கள்ள நாணயமோ கைமாறிக் கைமாறிப் போகிறது. வாங்கியவன் ஏமாறுகிறான்; அவன் அறிந்தோ அறியாமலோ அடுத்தவனிடம் தள்ளுகிறான். முதலில் புழக்கத்தில் விட்டவன் இறந்து மண்ணாகி நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு ஆன பின்பும் நாணயம் நடமாடிக்கொண்டிருக்கும். அது அழியும்வரை அவன் கணக்கு மூடப்படுவதில்லை. ஆகவே ஒரு கள்ள நாணயத்தைச் செலவிடுவது நூறு நாணயத்தைத் திருடுவதைவிடக் கடுமையானது என்ற கருத்தையும் அங்கே எடுத்துக் காட்டுகிறார்கள்.

சரி, அப்படி ஒரு நாணயம் நம் கைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? இமாமவர்கள் சொல்லும் வழி, இன்னொருவர் கை எட்டாதபடி அதைக் கிணற்றில் போட்டுவிட வேண்டும் என்பது.

இந்த இடத்தில் நம் காலத்தவர் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் கிணறு என்பது ஒரு பொருள் திரும்பி வராத இடம். உலோக நாணயம் அடியில் கிடக்கும், யாரையும் ஏமாற்றாது. நாம் கிணற்றை நோக்கி அனுப்பும் பொருளோ கிணற்றிலிருந்துதான் கைமாறத் தொடங்குகிறது! கமலையிலும் மோட்டாரிலும் ஏறி வயலுக்குப் போகிறது, பயிருக்குப் போகிறது, கன்றுக்குட்டியின் தொட்டிக்குப் போகிறது. கள்ள நாணயம் என்றைக்காவது ஒருநாள் அடையாளம் காணப்பட்டு உருக்கப்படும். மண்ணுக்குள் இறங்கிய உப்பை எவர் உருக்குவார்?

உப்பு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. செய்யாறு போய்ச் சேரும் அதே பாலாற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் இருக்கின்றன. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டு அடுக்குவார்கள். பதனிடத் தொடங்கும்போது ஊறவைத்துக் கழுவும் முதல் தண்ணீரிலேயே அவ்வளவு உப்பும் கரைந்துவிடும். பிறகு குரோமியம், வழக்கமான முறையில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் தண்ணீரோடு போகும். வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு ஆகாமல் போனதை அத்தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும், தீங்கு வருமுன் தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அங்கேதான் அறிவிக்கப்பட்டது. அந்த ஆற்றின் குறை தீரவில்லை என்பதற்கு, அதே விஷயத்தில் 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு நீண்ட தீர்ப்பு வழங்க நேர்ந்ததே சான்று.

அந்தத் தொழிலில் நம் சமுதாயத்தாருக்குப் பெரும் பங்கு உண்டு. இதை மறைத்து எழுதுவது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. அதுபோலவே, அந்த வட்டாரத்து வணிகர்களின் நன்கொடையால் மதரஸாக்களும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன என்பதையும், 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி தோன்றியது என்பதையும் மறைக்கக் கூடாது. எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் அவற்றில் படித்து முன்னுக்கு வந்தார்கள். அப்படியானால் ஒரு கேள்வி வருகிறது. இந்தத் தர்மம் அந்த உப்புக்கு ஈடாகுமா?

உரியவரைக் கண்டுபிடிக்கவே முடியாத பொருள் கையில் இருந்தால், அதை அவர் சார்பில் தர்மம் செய்துவிடலாம் என்று அறிஞர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். உண்மை. ஆனால் அது நின்றுபோன அநியாயத்துக்குச் சொன்ன பரிகாரம். தினமும் எடுத்துக்கொண்டே இருப்பவன் தினமும் தர்மம் செய்து கணக்கை நேர் செய்யலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு 'முஃப்லிஸ்' யார் என்று விளக்கிய ஹதீஸை நாம் ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். தொழுகையும் நோன்பும் ஜக்காத்துமாக மலை மலையாய் நன்மை கொண்டுவந்து, ஒருவரை ஏசியும் ஒருவர் பொருளை உண்டும் இருந்ததனால், உரியவர்கள் ஒவ்வொருவராய் வந்து அந்த நன்மைகளை எடுத்துக்கொண்டு போக, கடைசியில் ஓட்டாண்டியாய் நிற்கிறவனைப் பற்றியது அது. இந்த ஹதீஸைக் கேட்கும்போது பக்கத்து வீட்டுக்காரரும் பங்காளியும் நம் நினைவுக்கு வருவார்கள். மஹ்ஷர் மைதானத்தில் நம் பெயரைச் சொல்லிக்கொண்டு, நாம் ஒருநாளும் பார்த்திராத கீழ்க்கரை ஊர்க்காரர் ஒருவர், கையில் ஒரு குடத்தோடு வந்து நிற்கக்கூடும் என்று நினைப்பதில்லை.

"அதற்குத்தான் சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டார்களே" என்று சிலர் சொல்லலாம். கட்டியது நன்மைதான், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சுத்திகரிப்பு என்ற சொல் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. உப்பைப் பிரிக்க வேண்டுமானால் மெல்லிய சவ்வுகளில் அழுத்தி வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து வற்றச் செய்ய வேண்டும். கடைசியில் கழிவு உப்பு மூட்டை மூட்டையாய்க் குவியும். அதை எங்கே வைப்பது? குரோமியத்தைப் பிரித்தால் சேறாக நிற்கும். அதை எங்கே வைப்பது? 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். நடத்தியவர்கள் கடையை மூடியும் குவியல் கடையை மூடவில்லை. இமாம் கஸ்ஸாலி சொன்ன நாணயம் இதைவிடச் சிறியது.

சாயத்தொழிலில் நடந்ததும் இதே கதை. திருப்பூர்ப் பனியன் துணிக்குச் சாயமேற்ற உப்பு ஏராளமாகத் தேவை. அது நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. அணையைத் திறக்க வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. அணையைத் திறக்காதே என்று எந்த நாட்டிலாவது உழவன் கேட்டிருப்பானா? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது வேலையிழந்து நின்றவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்கள்.

வேதியியல் படித்தவர்களுக்குள்ளேயே இதற்கு ஒரு மாற்றுச் சிந்தனை எழுந்தது. பால் அனஸ்தாஸ், ஜான் வார்னர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1998-ல் வெளியிட்ட நூலில் 'பசுமை வேதியியல்' என்று பெயரிட்டு 12 கொள்கைகளை வகுத்தார்கள். முதல் கொள்கை, கழிவை உண்டாக்கிவிட்டுப் பின்னால் துடைப்பதைவிட உண்டாக்காமலே இருப்பது மேல் என்பது. பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் தொழிற்கூடங்கள் அதுவரை நடந்த விதம் நேர் எதிரானது. ரோஜர் ஷெல்டன் என்பவர் 1992-ல் கணக்கிட்டுக் காட்டியபடி, மருந்துத் தொழிலில் ஒரு கிலோ மருந்து செய்ய 25 கிலோ முதல் 100 கிலோவுக்கு மேலும் கழிவு உண்டாகி வந்தது. மருந்து செய்கிறோமா, கழிவு செய்கிறோமா என்று கேட்கத் தோன்றுகிறது!

இந்த முதல் கொள்கையை அவர்கள் செலவையும் பாதுகாப்பையும் வைத்து நியாயப்படுத்துகிறார்கள். நம்மிடம் அதைவிட வலுவான நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. மன்னிப்புக் கேட்க ஆள் தெரியாத பாவத்துக்கு நான்காவது நிபந்தனையை நிறைவேற்ற வழியில்லை. வழியில்லாத இடத்தில் தடுத்துக்கொள்வதைப் "பரவாயில்லாத யோசனை" என்று எண்ணிவிடலாகாது. திறந்திருக்கும் வாசல் அது ஒன்றுதான். நீர்த்துறையிலும் பாதையிலும் மக்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயல்களாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். மூன்றும் யார் வருவார் என்று தெரியாத இடங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிலர் மஸ்அலா பேசுவார்கள். தண்ணீரின் நிறம், சுவை, மணம் மாறாவிட்டால் சுத்தமானதுதானே, ஒளுச் செய்யலாம் அல்லவா என்பார்கள். உப்பு ஏறிய கிணற்று நீரில் ஒளுச் செய்யலாம், ஐயமில்லை. கடல் நீரிலேயே ஒளுக் கூடும். அதனால் அடுத்தவன் கிணற்றைக் கடலாக்குவது கூடும் என்று ஆகிவிடுமா? தொழுகைக்குத் தகுதியான தண்ணீர் எது என்பது ஒரு பாடம். அயலானின் தண்ணீருக்கு நாம் செய்தது என்ன என்பது வேறு பாடம். ஃபிக்ஹு நூலில் இரண்டும் ஒரே அத்தியாயத்தில் வராது.

பட்டுக்கு வருவோம். பசையை நீக்கச் சோடாவும் கொதிநீரும்தான் வேண்டும் என்பதில்லை. புரதத்தைக் கரைக்கும் நொதிகளைக் கொண்டு 50, 60 டிகிரி சூட்டிலேயே நீக்கலாம். விறகு குறையும், காரம் குறையும். நொதி விலை கூடுதல்தான், அதை ஒளிப்பதற்கில்லை. வெளியேறும் பசையும் வீண் பொருளல்ல. பிரித்து எடுத்தால் அழகுப் பொருள் செய்வோர் வாங்குகிறார்கள். நேற்றுவரை குட்டையை அழுகச் செய்தது இன்று சரக்காகிறது. சாயத்திலும் அப்படியே. கைக்கணக்கில் அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துப் போடுவதும், புளிப்பையும் சூட்டையும் பார்த்து தொட்டித் தண்ணீர் ஏறக்குறைய வெளுக்கும்வரை சாயத்தை நூலில் ஏறவிடுவதும், வெளிர் நிறம் போட்ட தண்ணீரில் அடுத்து அதே வகையில் அடர்ந்த நிறம் போடுவதும் பெரிய முதல் கேட்கும் காரியங்களல்ல. தோலுக்கும் இவ்வாறே. ஊறவைப்பதற்கு முன்பே உப்பை உலர்ந்தபடி உதறி எடுக்கலாம். குரோமியத்தை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். 1948-ல் தொடங்கிச் சென்னை அடையாற்றில் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இவற்றில் நெடுநாள் உழைத்திருக்கிறது.

இயற்கைச் சாயத்துக்கே திரும்பிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1856-ல் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் ஊதாச் சாயத்தைச் செயற்கையாகச் செய்வதற்கு முன் உலகமே அவுரியிலும் வேரிலும் பட்டையிலும்தான் நிறம் கண்டது; நம் சோழமண்டலக் கரையின் சாயவேர்ச் சிவப்பு கடல் கடந்து போயிற்று. ஆனால் இயற்கை என்ற பெயரே பாவத்தைக் கழுவிவிடாது. நிறம் பிடிக்கப் படிகாரம் போட்டால் ஒரு விதம், குரோமிய உப்பையும் துத்தத்தையும் போட்டால் வேறு விதம். என்ன போட்டோம், எவ்வளவு மிஞ்சியது என்ற கேள்விக்கு அங்கும் விடை சொல்லியாக வேண்டும்.

இந்தப் பாரத்தை யார் தலையில் வைப்பது? தொட்டியைக் கவிழ்க்கிற கூலிக்காரர் தலையில் வைத்துவிட்டு நாம் ஒதுங்குவது நியாயமாகத் தோன்றவில்லை. அவர் சொன்னதைச் செய்கிறவர். கவிழ்ந்த தண்ணீரில் வெறுங்காலோடு முதலில் நிற்கிறவரும் அவரே. பட்டறை வைத்திருப்பவரின் பொறுப்பு பெரிது. ஆனால் அவரும் நூலுக்கு இவ்வளவு என்று பேசிய கூலிக்குச் சாயம் போடுகிறவர். தராசுக்கும் நொதிக்கும் ஆகும் செலவை அவர் யாரிடம் கேட்பார்? நெசவாளரிடம் கேட்டால் நெசவாளர் ஜவுளிக்கடையைப் பார்ப்பார். கடைக்காரர் நம்மைப் பார்ப்பார். நாமோ மணப்பெண் சேலைக்கு ஆயிரக்கணக்கில் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் ஒரு ஐந்நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். அந்த ஐந்நூறு எங்கே குறையும் என்று நாம் பார்ப்பதில்லை.

பட்டு எடுக்கப் போகும் நம் பெண்கள் விவரமானவர்கள். சரிகையில் வெள்ளி எவ்வளவு, கெட்டிக் கரையா, சாயம் போகுமா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். சாயம் சேலையை விட்டுப் போகுமா என்று கேட்கும் அதே வாயால், சேலையில் ஏறாத சாயம் எங்கே போயிற்று என்றும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம். கடைக்காரர் முதல் தடவை சிரிப்பார். பத்து வீட்டார் கேட்டால், அடுத்த முறை சேவூருக்குப் போகும்போது தறிக்காரரிடம் விசாரிப்பார்.